நல்லிக்கு ஒரு நேரம், எலும்புக்கு ஒரு நேரம்: பெரிய எலும்பை முதன்முறை சமைப்பவர்களுக்கு

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு எங்கள் கீழக்கரைப் பக்கம் பல வீட்டு ஃப்ரீசரிலும் ஒரே நிலைமைதான். குர்பானிக் கறியில் பங்கு போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போய்விடும். வீட்டுக்கு நின்றது ஆணத்துக்கும் (எங்கள் பக்கம் குழம்பை அப்படித்தான் சொல்வோம்) பிரியாணிக்கும் ஆகிவிடும். அடியில் மாட்டின் பெரிய பெரிய எலும்புகள் மட்டும் பையோடு உறைந்து கிடக்கும். பக்குவம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதற்குத்தான் முதல் மவுசு. இல்லாவிட்டால் சில வாரம் இடத்தை அடைத்துக் கிடந்துவிட்டு, ஒருநாள் குப்பை வண்டியில் ஏறும்.

புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்கள், வேலைக்காக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், அம்மா சமைத்ததைச் சாப்பிட்டு மட்டுமே பழகியவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெருநாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மாட்டுக்கறிக் கடை உள்ள ஊர்களில் கறியைவிட மலிவாக எலும்பு எப்போதும் கிடைக்கும்.

எலும்பின் துளைக்குள் இருக்கும் மஜ்ஜைதான் நல்லி. ஆட்டு நல்லியை நன்றாகச் சமைப்பவர்களே மாட்டு நல்லியில் கோட்டை விடுவார்கள். ஆட்டெலும்பின் துளை குறுகலானது. குக்கரில் ஐந்தாறு விசில் விட்டாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் உள்ளேயே நிற்கும், உறிஞ்சினால் வரும். மாட்டுத் தொடை எலும்பில் கட்டைவிரலே நுழையும். அதே ஐந்தாறு விசிலில் நல்லி முழுக்க உருகி வெளியே வழிந்து, குழம்பின் மேல் எண்ணெயாக மிதக்கும். தட்டில் விழுவது வெறும் குழாய்.

நல்லி வேக முக்கால் மணி நேரம் போதும். ஆனால் எலும்பையும் மூட்டையும் சுற்றியுள்ள சவ்வு கரைந்து சாறு கனமாக, சாதாரணப் பாத்திரத்தில் ஆறு மணி நேரமாவது ஆகும். இரண்டையும் ஒரே கொதியில் முடிக்க முடியாது. முதலில் நல்லியை எடுத்துச் சாப்பிடுங்கள். அப்புறம் அந்த வெற்று எலும்பையே சாறுக்குப் போடுங்கள். கீழே வரும் மற்ற எல்லாமே இந்த வரிசையைச் சுற்றித்தான்.

கடையில் என்ன கேட்பது

"எலும்பு ஒரு கிலோ" என்று மட்டும் கேட்டால் விலா, முதுகு, மூட்டு எல்லாம் கலந்து வரும். சாறுக்கு அது பரவாயில்லை, நல்லிக்கு ஆகாது. நல்லி வேண்டுமென்றால் தொடை எலும்பின் நடுத்தண்டு வாங்க வேண்டும். நேராக, உருளையாக, நிறைய நல்லியோடு இருப்பது அதுதான். அடுத்தபடியாக முன்னங்காலின் மேல் எலும்பு. முழங்காலுக்குக் கீழே உள்ளதிலும் நல்லி உண்டு, துளை சற்றுச் சிறியது. குளம்புக்கு மேலே இருக்கும் கடைசிக் கால் எலும்பில் நல்லி குறைவு, நரம்பும் தோலும்தான் அதிகம். பாயாவுக்கு அதுவே அருமை. ஆனால் தட்டி எடுத்துச் சாப்பிட அதில் ஒன்றும் இல்லை.

இரு முனையிலும் உள்ள மூட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். மூட்டுக்குள் இருப்பது பஞ்சுபோன்ற எலும்பு. தட்டினால் எதுவும் வராது. ஆனால் சாறுக்குக் கனம் கொடுப்பது அதுதான். ஆகவே கேட்க வேண்டியது இப்படி: "காக்கா (அண்ணன்), தொடை எலும்பு, நடுத்தண்டை மூணு அங்குலமா போட்டுத் தாங்க. மூட்டைத் தனியா ஒரு பையில போடுங்க. கொத்தாதீங்க, ரம்பத்துல அறுங்க."

கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். புளியங்கட்டையில் வைத்து வெட்டுக்கத்தியால் நாலு போடு போட்டால் பெரிய எலும்பு சீராக உடையாது. நீளமாக விரிசல் விடும், சிதறும், சிறு சிறு செதில்கள் நல்லிக்குள்ளேயே குத்தி நிற்கும். பல்லுக்கும் தொண்டைக்கும் அது ஆபத்து. ரம்பத்தால் அறுத்தால் வாய் சமமாக வரும், துண்டைப் பாத்திரத்தில் நிமிர்த்தி வைக்க முடியும். சில கடைகளில் மின்சார ரம்பம் இருக்கும். இல்லாத கடையிலும் கைரம்பம் வைத்திருப்பார்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் போய்க் கேட்டால் முகம் சுளிக்காமல் அறுத்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் இதைக் கேட்காதீர்கள்.

வாங்கும்போது அறுத்த வாயைப் பாருங்கள். நல்லி வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, லேசான ரோஸ் நிறத்திலோ இருக்கலாம். இளங்கன்றென்றால் சிவப்பு தூக்கலாக இருக்கும், அதில் தவறில்லை. சாம்பல் பூத்திருந்தாலோ, ஓரம் காய்ந்து பழுப்பேறியிருந்தாலோ வேண்டாம். மோந்து பார்த்தால் பச்சைக்கறி வாடைதான் வர வேண்டும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால் அந்த எலும்பை எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது. நல்லி பெரும்பகுதி கொழுப்பு என்பதால், கறியைப் போல அழுகி நாறுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிடும்.

நாலு பேருக்கு: ஆளுக்கு இரண்டு துண்டாக நடுத்தண்டு எட்டுத் துண்டு, அதோடு இரண்டு மூட்டு. மொத்தம் இரண்டு கிலோவை ஒட்டி வரும்.

தண்ணீர்

இதை மற்ற ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரம் கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மண்டபம் முதல் சாயல்குடி வரை, வடக்கே தொண்டி வரை, நம் பக்கத்தில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். குளிக்க, துணி துவைக்க அது. குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர், அல்லது வண்டியில் வரும் குடத்துத் தண்ணீர். சோறு வடிக்கும்போது லேசான உப்புத் தண்ணீர் பெரிதாகத் தெரியாது. எலும்புச் சாறில் தெரியும். நாலு லிட்டர் ஊற்றி, சுண்டச் சுண்ட இரண்டு லிட்டர் ஆக்குகிறோம் அல்லவா? தண்ணீர்தான் ஆவியாகும், அதில் இருந்த உப்பு அப்படியே தங்கிவிடும். ஆரம்பத்தில் நாக்குக்கு எட்டாத உப்பு கடைசியில் இரண்டு மடங்காகி நிற்கும், கூடவே ஒரு கசப்பும் வரும். நீங்கள் ஒரு கல் உப்புகூடப் போடாமலே சாறு கரிக்கும்.

அதனால் கணக்கு இதுதான்: கழுவுவதற்கு போர் தண்ணீர் போதும். ஊறவைப்பதற்கும் அதுவே பரவாயில்லை. அடுப்பில் ஏறுகிற தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற ஊரில் இது கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம்தான். எந்த இடத்தில் சிக்கனம் செய்யலாம், எந்த இடத்தில் கூடாது என்று தெரிந்தால் ஒரு சமையலுக்கு ஐந்தாறு லிட்டருக்குள் முடித்துவிடலாம்.

ஊறவைத்தல்

எலும்பை ஓடும் தண்ணீரில் கழுவி, வாயில் ஒட்டியிருக்கும் அறுத்த தூளை விரலால் வழித்துவிடுங்கள். ரம்பத்தூள் பசைபோல ஒட்டியிருக்கும், தண்ணீர் மட்டும் போதாது, விரல் வைக்க வேண்டும். வெளியே கறித்துணுக்கு இருந்தால் சிறு கத்தியால் சுரண்டித் தனியே வையுங்கள், சாறுக்கு ஆகும்.

அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்து, எலும்பு மூழ்க ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். கடல் தண்ணீரின் உப்பில் ஏறக்குறைய பாதி இது. (கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு வாளி மொண்டு வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதில் உப்பு மட்டும் இல்லை.) மூன்று நான்கு மணி நேரத்தில் தண்ணீர் சிவக்கும். கொட்டிவிட்டுப் புதிதாக உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். இரவு முழுக்க ஊறி, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினால் நல்லியில் இருக்கும் ரத்தம் இறங்கி வெளுத்துவிடும். ரத்தம் தங்கிய நல்லி வெந்ததும் சாம்பல் நிறமாகும், கவுச்சியும் அடிக்கும். சாப்பாட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை, தட்டில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் இரவெல்லாம் வெளியே ஊறப்போடாதீர்கள். நம் ஊர் வெயிலில் பச்சை எலும்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கடலோரம் என்பதால் ஐஸுக்குப் பஞ்சமில்லை; நொறுக்கிய ஐஸ் வாங்கி வந்து, எலும்பு கிடக்கும் சிறு பாத்திரத்தை ஐஸ் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி இரண்டு மணி நேரம் வைத்தாலே பாதி ரத்தம் போய்விடும். மீன் கிடந்த ஐஸ் வேண்டாம்.

நல்லியை வேகவைப்பது

இரண்டு வழி உண்டு. முதலாவது, வாயை அடைத்து வேகவைப்பது. புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் தப்பு நடக்க இடம் குறைவு.

கோதுமை மாவையோ மைதாவையோ தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். எலும்பின் வாயைவிட அரை அங்குலம் சுற்றிலும் பெரிதாகத் தட்டி, எலும்பின் இரு வாயிலும் வைத்து, ஓரத்தை வெளிச்சுவரில் அழுத்தி ஒட்டுங்கள். எலும்பு ஈரமாக இருந்தால் மாவு வழுக்கும். முதலில் துணியால் துடைத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு ஒவ்வொரு துண்டையும் மெல்லிய மல் துணியில் சுற்றி நூலால் கட்டினால் கொதியில் மாவு கழன்று போகாது. துணி இல்லாவிட்டாலும் வேகும், தீயை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அகலமான சட்டியில் துண்டுகளை நிமிர்த்தி, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சாயாமல் நிற்கும்படி அடுக்குங்கள். சட்டி பெரிதாகி இடைவெளி விழுந்தால் உருளைக்கிழங்கை முழுசாக நடுவில் சொருகிவிடலாம். கிழங்கும் வீணாகாது. துண்டுகள் மூழ்கக் கொதிக்கும் நல்ல தண்ணீரை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்து உடைய வேண்டும், அவ்வளவுதான். மூடி, 40 முதல் 50 நிமிடம் விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க, ஒரு துண்டை வெளியே எடுத்து மேல்வாய் மாவைப் பெயர்த்து, தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் இறக்குங்கள். அடி வரை எங்கும் தடைபடாமல் போக வேண்டும். நடுவில் லேசாக நெருடினால் இன்னும் பத்து நிமிடம். ஈர்க்கை வெளியே எடுத்ததும் உதட்டில் வைத்துப் பாருங்கள், சுட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நடு இன்னும் வேகவில்லை.

எடுத்துச் சாப்பிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரு பக்க மாவையும் நீக்கிவிட்டு, எலும்பைத் தடித்த துணியால் சுற்றிப் பிடித்து, தட்டுக்கு மேலே கவிழ்த்து, பிடித்த கையின் மணிக்கட்டில் மறு கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுங்கள். நல்லி முழுசாக நழுவி விழும். விழாவிட்டால் கரண்டிக் காம்பை ஓரமாக விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி தட்டுங்கள். எலும்பைத் தட்டிலேயே அடித்து உடைக்கப் பார்க்காதீர்கள், எவர்சில்வர் தட்டில் பள்ளம் விழுவதுதான் மிச்சம்.

விழுந்த நல்லியின் மேல் பொடித்த மிளகு, கொஞ்சம் உப்பு, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. கூடவே பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், மல்லித்தழை கலந்து ஒரு கிண்ணம். கொழுப்பை அறுக்கப் புளிப்பும் பச்சை வெங்காயமும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் இரண்டாவது துண்டு இறங்காது. சுடச்சுட ரொட்டியிலோ பரோட்டாவிலோ வைத்துச் சாப்பிட வேண்டியது. ஆறவிட்டால் அண்ணத்தில் அப்பிக்கொள்ளும். ஆகவே சாப்பிடுகிற ஆட்களை உட்காரவைத்துவிட்டு அப்புறம் எலும்பைத் தட்டுங்கள்.

தணலில் சுடுவது

இரண்டாவது வழி சுடுவது. மாவு வேண்டாம், துணி வேண்டாம், நேரமும் பாதிதான், ருசியும் தூக்கல். ஆனால் இரண்டு நிமிடம் கூடினாலும் நல்லி உருகி ஓடிவிடும்.

ஓவன் இருந்தால் 220 டிகிரியில் நன்றாகச் சூடாக்கி, துண்டுகளை ஊறல் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து, அகலமான வாய் கீழே இருக்க நிறுத்தி, உப்பும் மிளகும் தூவி, ஏறக்குறைய 20 நிமிடம். நல்லி மேல்வாயில் லேசாக உப்பி, ஓரம் எலும்பை விட்டு விலகும்போது எடுத்துவிட வேண்டும். அடித்தட்டில் எண்ணெய் தேங்க ஆரம்பித்தால் நேரம் தாண்டிவிட்டது.

ஓவன் இல்லாத வீட்டில் கரி அடுப்பு. சீமைக்கருவேலத்தை ஊரே திட்டுகிறது, நிலத்தை நாசம் செய்கிறது என்பதும் நிஜம்தான். ஆனால் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற அதன் கரி நல்ல சூடு கொடுக்கும், நின்று எரியும், தீ சீராக இருக்கும். இந்த வேலைக்கு அதைவிட நல்லது நமக்குப் பக்கத்தில் கிடைக்காது. பச்சை விறகு வேண்டாம், அதன் புகை கொழுப்பில் ஏறிக் கசக்கும்.

கரி நன்றாகப் பற்றி, மேலே சாம்பல் பூத்த பிறகு கனமான இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, துண்டுகளை நிறுத்தி, தட்டையான மூடியால் மூடி, மூடியின் மேலும் நாலைந்து தணலைப் பரப்புங்கள். கீழே தணல் கொஞ்சம், மேலே கொஞ்சம் கூடுதல். நம் வீடுகளில் மேலும் கீழும் தணல் போட்டுப் பலகாரம் சுடும் அதே முறைதான். பதினைந்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். ஓரம் விலகியிருந்தால் இறக்கிவிடலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: கரி அடுப்பை முற்றத்திலோ மாடியிலோதான் வைக்க வேண்டும். கதவு சாத்திய சமையலறைக்குள் கரி எரித்தால் வருகிற நச்சுக் காற்றுக்கு வாசனையும் இல்லை, புகையும் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும். மழை பெய்கிறது என்று உள்ளே தூக்கி வருவது வேண்டவே வேண்டாம்.

வெற்று எலும்பும் மூட்டும்: சாறு

நல்லியைச் சாப்பிட்டு முடித்த எலும்பைத் தூக்கிப் போடாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சியிருந்தால்கூட, வீட்டு ஆட்கள் மட்டும் குடிக்கிற சாறு என்றால், கழுவிப் போடலாம். மணிக்கணக்கில் கொதிக்கப் போகிறது. விருந்தாளிக்கு என்றால் அந்த எலும்பு வேண்டாம், மூட்டும் சுரண்டிய கறியும் போதும்.

பச்சையாக இருக்கும் மூட்டுகளை முதலில் ஒரு கொதி விட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்து பத்து நிமிடம் ஆனதும் சாம்பல் நிற நுரை திரண்டு நிற்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, மூட்டுகளைத் தேய்த்துக் கழுவுங்கள். இதற்கு மட்டும் போர் தண்ணீர் போதும். இந்த ஒரு வேலையைச் செய்தால் கவுச்சி பெரும்பாலும் போய்விடும், சாறும் தெளிவாக வரும். கொட்டினால் சத்து போய்விடுமே என்று சிலர் இதைத் தவிர்ப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒன்றும் பெரிதாக இறங்கிவிடாது.

இனி பெரிய பாத்திரத்தில் மூட்டும் வெற்று எலும்பும் சேர்த்து இரண்டு கிலோவுக்கு நாலு லிட்டர் நல்ல தண்ணீர். தட்டிய இஞ்சி இரண்டு அங்குலம், ஒரு முழுப் பூண்டு, மிளகு ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு. வீட்டில் ரம்பை இலை வளர்ந்தால் ஒரு விரல் நீளம். உப்பு இப்போது வேண்டாம். சுண்டிய பிறகு ருசி பார்த்துத்தான் உப்பு.

கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி, ஆறு மணி நேரம் விடுங்கள். முதல் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று நுரையை எடுத்தால் போதும், அப்புறம் எட்டிப் பார்த்தாலே போதும். எலும்பு தண்ணீருக்கு வெளியே தலைகாட்டினால் வெந்நீர் ஊற்றுங்கள். கேஸில் ஆறு மணி நேரம் என்றால் சிலிண்டர் நினைவுக்கு வரும். குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து ஒன்றேகால் மணி நேரம் விட்டால் ஏறத்தாழ அதே கனம் கிடைக்கும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போவதால் சவ்வு சீக்கிரம் கரைகிறது. இரண்டு எச்சரிக்கை: குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரையை எடுத்த பிறகுதான் மூடியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அது விசில் துளையில் போய் அடைக்கும்.

வடிகட்டும்போது கம்பி வடிகட்டி மட்டும் போதாது, அதில் துணி விரித்து வடிகட்டுங்கள். எலும்புத் துணுக்கு எதுவும் தங்கக் கூடாது. வடித்த சாறை அடுப்பங்கரையில் அப்படியே இரவு முழுக்க விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று சிறு பாத்திரமாகப் பிரித்து, அகலமான தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதில் வைத்தால் வேகமாக ஆறும். ஆறியதும் ஃப்ரிட்ஜ். மறுநாள் காலை திறந்தால் மேலே வெள்ளைக் கொழுப்பு ஆடையாகக் கட்டியிருக்கும், அதை எடுத்தால் கீழே சாறு தயிர்போல உறைந்து நிற்கும். உறையாவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது அல்லது மூட்டு குறைவு. மறுபடி அடுப்பேற்றிச் சுண்டவிட்டால் சரியாகிவிடும்.

எலும்பு முறிந்தவர்களுக்கு இந்தச் சாறு கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து சாறில் நிறைய இறங்குகிறது என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருக்கிறது. உண்மையில் அப்படி இறங்குவது கொஞ்சம்தான். ஒரு தம்ளர் பாலில் அதைவிட அதிகம். சாறில் இருப்பது சவ்வு கரைந்த புரதம். தெம்பில்லாமல் படுத்திருப்பவருக்குச் சுடச்சுட மிளகோடு இறங்குகிற எதுவும் நல்லதுதான், கொடுங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம் என்று மருத்துவர் சொல்லி வைத்திருப்பவர்கள் நல்லியைத் தள்ளி வைப்பது நல்லது.

ஆணம்

சாறைக் குடித்தே தீர்க்கலாம். ஆனால் ஆணம் வைத்தால் இடியாப்பத்துக்கு ஒரு வேளை கழியும்.

இங்கே மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை. இராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மானாவாரியாக, வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைவது. உருண்டை, தடித்த தோல், நல்ல நிறம். நீள மிளகாயைப் போல நெற்றிப்பொட்டில் ஏறுகிற காரம் இல்லை. கொழுப்பான சாறுக்கு இந்த மிளகாய் பொருந்துகிற அளவுக்கு வேறு எதுவும் பொருந்தாது என்பது என் கட்சி. கடைப் பொடி போட்டால் நிறம் வரும், இந்த மணம் வராது. தோல் தடிப்பு என்பதால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத்தான் அரைக்க வேண்டும்.

ஒரு லிட்டர் சாறுக்கு எட்டுப் பத்து குண்டு மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி சோம்பு. மல்லியையும் சோம்பையும் வெறும் சட்டியில் வறுத்து மிளகாயோடு விழுதாக அரையுங்கள். எடுத்து வைத்த கொழுப்பில் ஒரு கரண்டியைச் சட்டியில் போட்டு, பட்டை, ஏலம், இருபது சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தக்காளி என்று வரிசையாக வதக்குங்கள். விழுதைப் போட்டு, எண்ணெய் பிரியும் வரை பொறுமையாகக் கிளறுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசி வரை போகாது. சாறை ஊற்றி, சுரைக்காயோ முருங்கைக்காயோ போட்டு வேகவிட்டு, உப்பு போட்டு, அரை மூடித் தேங்காயின் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தட்டி எடுத்த நல்லித் துண்டு மிச்சம் இருந்தால் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு மெதுவாக விட வேண்டும். முன்னாடியே போட்டால் மறுபடி எண்ணெய்தான்.

மாடு சாப்பிடாதவர்களுக்கு

ஆட்டுத் தொடை எலும்பில் இதையே சுருக்கமாகச் செய்யலாம். நம் பக்கத்து ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியோ வெள்ளாடோ, எலும்பு சிறியது என்பதால் மாவு அடைக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரே ஒரு வெட்டு, இரண்டு மணி நேரம் உப்புத் தண்ணீர், பிறகு நேரே ஆணத்தில் போட்டுக் குக்கரில் நாலைந்து விசில். செம்மறியில் மொச்சை வாடை தூக்கலாக இருந்தால் முதல் கொதித் தண்ணீரைக் கொட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வைத்துக்கொள்வது, தூக்கிப் போடுவது

பச்சை நல்லி எலும்பு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், ஃப்ரீசரில் காற்றுப் புகாமல் கட்டினால் இரண்டு மூன்று மாதம். அதற்கு மேல் கெட்டுப் போகாது, சிக்கு வாடை வரும். பையின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். பெருநாள் பை எது, போன மாதப் பை எது என்று யாருக்கும் நினைவிருக்காது. சாறு ஃப்ரிட்ஜில் மூன்று நாள் நிற்கும். எடுத்துச் சுடவைக்கும்போது வெதுவெதுப்பு போதாது, நன்றாகக் கொதிக்க வேண்டும்.

வெந்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள். வெந்தபின் எலும்பு ஊசி ஊசியாக உடையும், குடலைக் கிழிக்கும். வீட்டில் தென்னை இருந்தால் தூரிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்துக்கும் கீழே புதையுங்கள். மணற்பாங்கான மண்ணில் ஆழம் குறைந்தால் அன்று இரவே நாய் தோண்டி வாசலில் கொண்டு வந்து போட்டுவிடும்.

எடுத்து வைத்த கொழுப்பு வெங்காயம் வதக்க, பரோட்டா கல்லில் தடவ ஆகும், பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மிஞ்சினால் பழைய தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். சூடாக இருக்கிறதே என்று சிங்கில் ஊற்றினால் உள்ளே போய் உறைந்து குழாயை அடைத்துவிடும். பாத்திரத்தையும் முதலில் தாளால் துடைத்துவிட்டு, வெந்நீரில் ஊறப்போட்டு, அப்புறம்தான் தேய்க்க வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது என்பதால் இந்தப் பாத்திரத்துக்கு மட்டும் கடைசி அலசலுக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஒதுக்கி வையுங்கள்.